ஒன்பதாம் அறையில் விட்டுப்போன கட்டம்

பிப்ரவரி 11

கடவுள் துணை

தம்பி அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள்: உங்கள் அண்ணன், சாய்வு நாற்காலியில். என் மகள், தரையில். மருமகன், கதவருகே. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர், அவரே கொண்டுவந்த முக்காலியில். நான், துணி மடித்துக்கொண்டு. மொத்தம் ஐந்து பேர். இதில் உங்கள் அண்ணன் நடுவில் நாலு நிமிடம் எழுந்து போனார். அதையும் எழுதிவிடுகிறேன். கணக்கு என்றால் முழுதாக இருக்க வேண்டும்.

வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றுக்காகக் கண்காட்சி வைக்கிறார்களே, அவர்கள் உங்களை மேடையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்ட நிகழ்ச்சியைத்தான் பார்த்தோம். "சித்தப்பா வர்றாரு, எல்லாரும் வாங்க" என்று மகள்தான் கைப்பேசியைத் தொலைக்காட்சியில் இணைத்தாள். முகம் வட்டமாகிவிட்டது உங்களுக்கு. சட்டை நன்றாக இருந்தது.

நான் துணி மடிப்பதை மூன்று இடத்தில் நிறுத்தினேன்.

முதல் இடம், விளக்கறை. நம் 'சுடர்' விளையாட்டில் ஆறு அறைக்கு ஒரு தடவை ஒன்றுமே நடக்காத அறை ஒன்று வருமே, அது ஏன் என்று கேட்டார் மேடையில் உங்களைக் கேள்வி கேட்ட பெண். "மெமரி தீர்ந்துபோச்சு, எதிரி வைக்க இடமில்ல, அதான் சும்மா விட்டுட்டேன்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாவது, ஒன்பதாம் அறையில் கிழக்குச் சுவரில் இருக்கும் ஓட்டை. அதைப் பற்றி உலகத்தில் யார் யாரோ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டார். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னீர்கள்: "எல்லாச் சுவரையும் நானே அடைச்சுட்டா அவன் எங்கதான் போவான்?" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க கொழுந்தன் ஞானி மாதிரி பேசுறாரேம்மா" என்றார்.

அது என் வாயிலிருந்து வந்த வாக்கியம். எந்தப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு சொன்னேன் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது. "உங்களோடு சேர்ந்து வேற யாராவது?" என்று அந்தப் பெண் கேட்டார். நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். "தனியாத்தான். ஒரு ரூம், ஒரு மெஷின், நான்." அதே நேரம் உங்கள் அண்ணன் "பின்னால குழாய் சொட்டுது போலிருக்கு" என்று எழுந்து போனார். என் மகள் என் முழங்காலில் கை வைத்தாள். அவளுக்குப் பாதிக் கதை தெரியும்.

போனில் கேட்டால் நீங்கள் பேசியே என்னைச் சிரிக்கவைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். கேள்வி ஒன்றுதான். அந்த ஒரு ரூமில் நான் இருந்தேனா, இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் யாரோ வக்கீல் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். 'தம்பி அவர்களுக்கு', 'நீங்கள்'! உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே "டேய், செருப்பை வெளியே விடு" என்ற அண்ணியா இது? திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த 'ங்கள்' மட்டும் வேண்டாம்.

நீங்கள் இல்லாமலா, அண்ணி? இருந்தீர்கள். யார் இல்லை என்றது? ஆனால் மேடை என்பது வேறு. வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஓர் ஆள், ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அப்போதுதான் கதை நிற்கும். "எங்க அண்ணி கட்டம் போட்டுக் கொடுத்தாங்க" என்று ஆரம்பித்தால், "ஓ, வீட்டில் எல்லோரும் உதவினார்களா, அழகு!" என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். உங்கள் வேலையைச் சிரிப்பாக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளுங்களேன்.

அந்த வாக்கியம் உங்களுடையது என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் வாயில் கிடந்து என்னுடையதாகவே ஆகிவிட்டது. இரவல் குடை மாதிரி.

கண்காட்சியின் நன்றிப் பலகையில் 'குடும்பத்தினருக்கு' என்று ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஓர் உதவி. அந்தக் கட்டம் போட்ட நோட்டு உங்களிடம் பத்திரமாக இருக்கும், தெரியும். கண்காட்சி ஏப்ரல் 22-ல் திறக்கிறது. நடுக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழையே ஒதுக்கிவிட்டார்கள். அதற்கான அட்டை ஏப்ரல் 2-ல் அச்சுக்குப் போகிறது. 'வடிவமைப்பாளரின் கைப்பிரதி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தபாலில் வேண்டாம், ஆளை அனுப்புகிறேன், அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்றும் உங்கள்,
தம்பி

பிப்ரவரி 26

கடவுள் துணை

தம்பி அவர்களுக்கு,

ஆளை அனுப்ப வேண்டாம். கொடுக்க மாட்டேன்.

'வடிவமைப்பாளரின் கைப்பிரதி'. யாருடைய கை, தம்பி? நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் வேலை பார்த்த அச்சகத்தில் வெட்டி மிஞ்சிய கட்டத்தாள், அவரே தைத்துக் கொடுத்தது. தொண்ணூற்றாறு தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பிரார்த்தனை வரி இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று அதைப் படிக்கிறவர்கள், நீங்கள் சாமி கும்பிட்டதாக நினைத்துக்கொள்ளட்டுமா? நீங்கள் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீங்கள் ரேடியோ பழுது பார்க்கும் கடைக்கு வேலைக்குப் போனீர்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து எங்கள் டிவியில் மாட்டினீர்கள். பகல் இரண்டிலிருந்து நாலு வரை எனக்கு வேலை கிடையாது. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். திரையில் அந்தக் குட்டையனை நடக்கவைத்தது நீங்கள். எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி, கையில் சுடர். அவன் நடக்க உங்களிடம் ஓர் இடமும் இல்லை. வெறும் கறுப்புத் திரையில் போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தான். "அவனுக்கு ஒரு வீடு வேணும்டா" என்று சொல்லி, குறுக்கே பதினாறு, நெடுக்கே பன்னிரண்டு கட்டம் எண்ணி முதல் அறையைப் போட்டது யார்? இருபத்துநாலு அறையும் இந்த நோட்டில் இருக்கின்றன.

பேருந்து நிலையத்தருகே காசு போட்டு விளையாடும் கடைக்கு ஒருமுறை என்னைக் கூட்டிப்போனீர்கள். எல்லாப் பெட்டியும் முக்கால் நிமிடத்துக்குள் ஆளைச் சாகடித்தன. கேட்டதற்கு, "அப்பத்தானே அண்ணி அடுத்த காசு போடுவான்" என்றீர்கள். வீடு திரும்பும் வழியில் நான் கேட்டேன்: நம் வீட்டில் காசு போடும் ஓட்டையே இல்லையே, பிறகு ஏன் அவனைச் சாகடித்துக்கொண்டே இருக்க வேண்டும்? நீங்கள் நடப்பதை நிறுத்திவிட்டீர்கள். விளக்கறை அன்று பிறந்தது. ஆறு வேலை முடித்தால் ஒரு நிமிடம் நின்று கண்ணை மூடுகிறவள் நான். அவனுக்கும் ஆறு அறைக்கு ஒன்று கொடுத்தேன். அதற்கு மெமரி ஒதுக்க, இருபதாம் அறையிலிருந்து இரண்டு வௌவாலை எடுத்தோம். நோட்டில் இருக்கிறது. மெமரி தீர்ந்ததால் வந்த அறை அல்ல அது. மெமரியைச் செலவழித்துக் கட்டிய அறை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டீர்கள், போகட்டும். விளக்கறையை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

யார் யார் விளையாடினார்கள், எந்த அறையில் எத்தனை தடவை விழுந்தார்கள் என்பதையும் நான்தான் எழுதினேன். மின்கணக்கு எடுக்க வருபவர் மூன்றாம் அறைப் பள்ளத்தில் பதினாலு தடவை. "சனியன் பிடிச்ச விளையாட்டு" என்று அவர் திட்டிய இடங்களுக்குச் சுழி போட்டேன், "சே, நான் ஒரு மடையன்" என்று தன்னைத் திட்டிக்கொண்ட இடங்களுக்குச் சரி போட்டேன். சுழி விழுந்த இடத்தில் பிழை என்னுடையது, சரி விழுந்த இடத்தைத் தொடவில்லை. இந்த முறையை வைத்து நீங்கள் வகுப்பெடுக்கிறீர்களாமே. மகள் சொன்னாள்.

ஒன்பதாம் அறை. கிழக்குச் சுவருக்குக் கறுப்பு அடைத்துக்கொண்டு வந்தேன், பால் பொங்கிவிட்டது, ஓடினேன். திரும்பி வந்து அடுத்த வரியில் ஆரம்பித்துவிட்டேன். ஒரு கட்டம் வெள்ளையாக நின்றுவிட்டது. தாளில் பால் கறை இன்னும் இருக்கிறது. நீங்கள் பார்த்ததை அப்படியே கம்ப்யூட்டரில் தட்டினீர்கள். விளையாட வந்த பதினோராம் நாள் மின்கணக்குக்காரர் அந்தச் சுவருக்குள் நடந்து போனார். நான் வெட்கப்பட்டு, அடைத்துவிடலாம் என்றேன். அதற்குள் அவர் எழுந்து நின்று, "யம்மா, நான் சுவத்துக்குள்ள போயிட்டேன்" என்று சிரித்த சிரிப்பு உங்களுக்கும் நினைவிருக்கும். அப்போதுதான் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பால் சட்டிதான் அது.

பிறகு விளையாட்டை வாங்கி வெளியிட்ட நிறுவனத்திலிருந்து கேசட் பெட்டி வந்தது. அட்டையில் உங்கள் பெயர் மட்டும். "ஒரு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு அண்ணி" என்றீர்கள். பெட்டி அத்தனை சின்னதாக இருந்தது, நம்பினேன்.

காலைப் பிரார்த்தனையில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வேன். ஐந்தாவது பெயர் உங்களுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து நாலோடு நிற்கிறது.

நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இடம் இல்லையா?

அண்ணி

மார்ச் 8

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இடம் இருந்தது. நிறுவனம் அனுப்பிய படிவத்தில் 'வடிவமைத்தவர்கள்' என்று இரண்டு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் உங்கள் பெயரைத்தான் தட்டெழுத்தில் அடித்தேன். இரண்டாவதில் என் பெயர். நகல் இதோடு இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் பெயரின் மேல் சிவப்புக் கோடும் ஓரத்தில் 'எடுத்துவிடு' என்கிற சுழியும் தெரிகிறதல்லவா? அது என் கை இல்லை. அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் பார்த்துப் பார்த்து உங்களுக்கே தெரிந்திருக்கும். படிவத்தை அனுப்புவதற்கு முன் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். பிழை திருத்துபவர் ஆயிற்றே என்று. மறுநாள் காலை இப்படித் திருப்பிக் கொடுத்தார். "இத எடுத்துட்டு வேற அடிச்சு அனுப்பு. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். அவர் வீட்டில் தங்கி, அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆள் நான். என்ன சொல்ல முடியும்?

சொல்லக் கூடாது என்றார், சொல்லவில்லை. பழியையும் இத்தனை வருஷம் நானே சுமந்தேன். என் மேல் தப்பு இருந்தால் அது இவ்வளவுதான். மீதியை அண்ணனிடம் கேளுங்கள்.

நோட்டு விஷயம் உங்கள் விருப்பம்.

தம்பி

மார்ச் 21

கடவுள் துணை

தம்பிக்கு,

கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம், அவர் செய்தித்தாளில் பிழை தேடிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. நகலைச் செய்தித்தாள் மேலேயே வைத்தேன்.

"இது யார் போட்ட குறி?"

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "என்னுதுதான்."

"எதுக்கு?"

"பிரஸ்ல சிரிப்பாங்கன்னு நினைச்சேன். இவன் ஊரான் பிழையத் திருத்துறான், இவன் பொண்டாட்டி டிவியில பொம்மை விடுறாள்னு."

"பிழையத்தானே அடிப்பீங்க? என் பேர் பிழையா?"

செய்தித்தாளின் ஓரத்தை மடித்தார். நான், "அன்னிக்குப் பின்னால குழாய் சொட்டுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

மூன்று நாள் சமைத்தேன், பரிமாறினேன், வாய் திறக்கவில்லை. முப்பத்தேழு வருஷம் ஒரே வீட்டில் ஒரே கூரைக்கடியில் இருந்த ஆள். நோட்டைத் தைத்துக் கொடுத்த கையும் அதுதான், என் பெயரை அடித்த கையும் அதுதான். எதை நினைப்பது? பிரார்த்தனையில் உட்கார்ந்தால் முதல் பெயரான அவர் பெயரிலேயே நின்றுவிட்டேன்.

நாலாம் நாள் காலை நான் வருவதற்குள் மேசையில் அந்த நகலை விரித்து, சிவப்புப் பேனாவோடு குனிந்திருந்தார். மறுபடியும் கிறுக்குகிறார் என்று பிடுங்கினேன். என் பெயருக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். "அடிச்சது தப்புன்னு தெரிஞ்சா இப்படிக் கீழ புள்ளி வைப்போம். 'இருக்கட்டும், எடுக்காதே'ன்னு அர்த்தம்" என்றார். அச்சுத் தாள்கள் குவிந்த வீட்டில் இத்தனை காலம் இருந்தேன். அடிக்கிற குறி எனக்குத் தெரியும், இந்தக் குறி தெரியாது. பதினோரு புள்ளிகள். எண்ணிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை அவர். நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அது எனக்கும் அவருக்கும் இருக்கிற பாக்கி. அதில் நீ வராதே.

உன் கணக்குக்கு வருகிறேன். 'நீங்கள்' என்று தள்ளி வைத்துப் பார்த்தேன், அந்தத் தூரத்தில் நின்று கேட்க முடியவில்லை. பழையபடியே கேட்கிறேன்.

பழியைச் சுமந்தேன் என்கிறாய். எந்தப் பழி, தம்பி? எனக்குத் தெரிந்தால்தானே அது பழி? நீ சுமந்தது மாலை. உன் அண்ணன் என் பெயரை ஒரு தடவை அடித்தார், வெட்கத்தில். நீ ஒவ்வொரு மேடையிலும் அடித்தாய், தண்ணீர் குடித்துக்கொண்டு. அவர் சோற்றைச் சாப்பிட்டதால் வாயை மூடினேன் என்கிறாயே, அந்தச் சோற்றை வடித்தது யார்? அங்கிருந்து போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு யார் சோறு உன் வாயை அடைத்தது? இந்தத் தாள் உன் கோப்பில்தான் இருந்திருக்கிறது. என்னைக் காப்பாற்ற நீ அதை எடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்ற வேண்டி வந்தபோது எடுத்துவிட்டாய்.

இதை எழுதும்போது இன்னொன்றும் உறைக்கிறது. எழுதாமல் விட்டால் கணக்கு பொய்யாகும். முப்பத்தெட்டு நாள் என் பிரார்த்தனையில் உன் பெயரை நானும் அடித்து வைத்திருந்தேன். நேற்றுதான் மறுபடி சொன்னேன். அரைமனதாகத்தான் சொன்னேன். புள்ளி வைத்தேன் என்று வைத்துக்கொள்.

நான் பணம் கேட்கவில்லை. உன் பெயரை எடுக்கவும் சொல்லவில்லை. குட்டையனை நடக்கவைத்தது நீதான், அது நிஜம். ஒரு பெயரை எடுத்துவிட்டால் எப்படியிருக்கும் என்று தெரிந்த பிறகு அதை இன்னொருவருக்குச் செய்ய எனக்கு மனமில்லை.

அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறேன். 'அறைகள்' என்று போட்டு என் பெயர். 'இயக்கம்' என்று போட்டு உன் பெயர். 'குடும்பத்தினர்' வேண்டாம். விளக்கறைக்கு மெமரி இல்லை என்று சொன்னதைத் திருத்தி, இரண்டு வௌவால் கதையைச் சொல். ஒன்பதாம் அறைக்குப் 'பால் பொங்கியது' என்று எழுதினால் போதும். உலகத்தில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். பரவாயில்லை.

நோட்டை நானே கொண்டுவருகிறேன். மகள் டிக்கெட் போட்டுவிட்டாள், மூன்று பேருக்கு. உன் அண்ணனும் வருகிறார். அட்டை சரியாக இருந்தால், ஒன்பதாம் அறைப் பக்கத்தைத் திறந்து என் கையாலேயே பேழைக்குள் வைப்பேன். இல்லையென்றால் கொண்டுவந்த பையிலேயே திரும்பப் போகும். சத்தம் போட மாட்டேன்.

புள்ளி வைத்த நகலை இதோடு அனுப்பியிருக்கிறேன். 'அண்ணி' என்றே கூப்பிட்டுப் பழகியதில் முழுப்பெயர் உனக்குத் தடுமாறலாம். அதைப் பார்த்தே எழுது. அன்று நீ எழுத்துப்பிழை இல்லாமல்தான் அடித்திருக்கிறாய்.

அட்டை ஏப்ரல் 2-ல் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தாய். இன்று 21. பதில் சீக்கிரம் எழுது.

அண்ணி